ஆண்கள் அணி அழைத்தது, அவர் போகவில்லை!
அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை லூசியா ஹாரிசின் கதை

1977-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி. அமெரிக்காவில் ஆண்களுக்கான தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ., புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது. கல்லூரிகளில் ஆடிப் பெயர் எடுத்த இளைஞர்களை ஒவ்வொரு அணியும் முறை வைத்துப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும் நாள் அது. ஏழாவது சுற்று வந்தது. நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் என்ற அணியின் முறை. மொத்தக் கணக்கில் 137-வதாக அந்த அணி சொன்னது ஓர் இளைஞனின் பெயர் அல்ல. 22 வயதுப் பெண்ணின் பெயர். லூசியா ஹாரிஸ்!

இதற்கு முன்பும் ஒரு பெண்ணின் பெயர் சொல்லப்பட்டது உண்டு. 1969-ல் சான்பிரான்சிஸ்கோ வாரியர்ஸ் அணி, டெனிஸ் லாங் என்ற பெண்ணின் பெயரைச் சொன்னது. அது செல்லாது என்று சங்கம் அறிவித்துவிட்டது. ஆகவே என்.பி.ஏ. தேர்வில் முறைப்படி இடம்பெற்ற பெண் என்றால், அன்றும் இன்றும் லூசியா ஒருவர்தான்.

ஆனால் லூசியா போகவில்லை. பயிற்சி முகாமின் வாசலைக்கூட அவர் மிதிக்கவில்லை. ஏன்? அதற்கு அவருடைய கதையை ஆரம்பத்திலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

பருத்திக் காட்டில் வளர்ந்தவர்

அமெரிக்காவின் தென்பகுதியில் மிசிசிப்பி என்றொரு மாநிலம். அதே பெயருடைய பேராறு பாயும் பூமி. பருத்திக்குப் பெயர் போனது. கறுப்பின மக்கள் பட்ட கொடுமைகளுக்கும் பெயர் போனது. அங்கே மின்டர் சிட்டி என்ற சிற்றூரில் 1955-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி லூசியா பிறந்தார். பெற்றோருக்குப் பதினொரு பிள்ளைகள். இவர் பத்தாவது. பெயர்தான் சிட்டி, தொழில் விவசாயம். அதுவும் சொந்த நிலம் அல்ல, வாரத்துக்கு உழுத நிலம். பிள்ளைகளும் பருத்தி எடுக்கப் போனார்கள்.

வீட்டில் அண்ணன்மார் கூடைப்பந்து ஆடினார்கள். தங்கையும் சேர்ந்துகொண்டார். இரவில் எல்லோரும் படுத்த பிறகு, தாய்க்குத் தெரியாமல் போர்வைக்குள் இருந்தபடி தொலைக்காட்சியில் ஆட்டம் பார்ப்பாராம். அன்றைய பெரிய ஆட்டக்காரரான ஆஸ்கார் ராபர்ட்சன்தான் அவருக்குப் பிடித்தவர். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும்; பின்னால் மறுபடியும் வருவார்.

லூசியா வளர்ந்தார், வளர்ந்துகொண்டே போனார். 6 அடி 3 அங்குலம்! பள்ளியில் கேலி செய்தார்கள். நெட்டை என்பதைத் தவிர இவளிடம் வேறென்ன இருக்கிறது என்றார்கள். இந்தக் கேலி நமக்கும் புதிதல்ல. நம் வீடுகளில் பெண் சற்று உயரமாக வளர்ந்துவிட்டால், "இவளுக்கு எங்கே போய் மாப்பிள்ளை தேடுவது?" என்ற பேச்சு எழுவதில்லையா? ஆனால் கூடை இருப்பது தரையிலிருந்து 10 அடி உயரத்தில். அங்கே உயரம் குறை அல்ல, சொத்து! கிரீன்வுட் நகரிலிருந்த பள்ளிக்காக ஆடியபோது ஒரே ஆட்டத்தில் 46 புள்ளிகள் எடுத்துக் காட்டினார்.

எரிந்த சீருடைகள்

பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஆல்கார்ன் கல்லூரியில் சேருவதாக இருந்தார் லூசியா. அங்கே பெண்களுக்குக் கூடைப்பந்து அணி கிடையாது. போயிருந்தால் ஆட்டம் அத்தோடு முடிந்திருக்கும். அந்த நேரத்தில் டெல்டா ஸ்டேட் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே பெண்கள் அணி மீண்டும் தொடங்கப்படுகிறது என்றார்கள்.

'மீண்டும்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1930-களின் தொடக்கத்தில் அந்தக் கல்லூரியில் பெண்கள் அணி இருந்தது. மார்கரெட் வேட் என்ற மாணவி அதில் ஆடினார். பெண்களின் உடம்புக்கு இந்த ஆட்டம் தாங்காது என்று கூறிக் கல்லூரி நிர்வாகம் அணியைக் கலைத்துவிட்டது. அழுதுகொண்டே தங்கள் சீருடைகளைத் தீயில் போட்டு எரித்தார்கள் அந்தப் பெண்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1973-ல், அதே கல்லூரி அணியை மீண்டும் தொடங்கியது. அதற்குப் பயிற்சியாளராக அழைத்தது யாரை? அன்று சீருடையை எரித்தவர்களில் ஒருவரான அதே மார்கரெட் வேட்டை! அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது.

இந்த மாற்றத்துக்குப் பின்னணியில் ஒரு சட்டம் இருந்தது. அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்களில் ஆண், பெண் என்று வேற்றுமை காட்டக் கூடாது என்று 1972-ல் அமெரிக்க அரசு சட்டம் கொண்டுவந்தது. விளையாட்டுக்கும் அது பொருந்தியது. ஆனால் சட்டம் வந்த மறுநாளே எல்லாம் மாறிவிடுமா? விளையாட்டுக்கான உதவித்தொகை ஆண்களுக்கு இருந்தது. பெண்களுக்கு வந்து சேரவில்லை. லூசியா படிப்புக்கான உதவித்தொகையிலும், கல்லூரியிலேயே வேலை பார்த்துக் கிடைத்த பணத்திலும் படித்தார்.

கறுப்பின மாணவர்களுக்கு அந்தக் கல்லூரி கதவைத் திறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அணியில் கறுப்பினப் பெண் லூசியா ஒருவரே. எதிரணிகளை அவர் வென்றது புள்ளிப் பட்டியலில் தெரியும். மற்றதையெல்லாம் அவர் எப்படிச் சமாளித்தார் என்பதைக் காட்ட எந்தப் பட்டியலும் இல்லை. பிற்பாடு அதே கல்லூரியின் விழா அரசியாக மாணவர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

மூன்று முறை வாகை

லூசியா ஆடியது 'சென்டர்' என்ற இடத்தில். கூடைக்கு அருகே நின்று பந்தை வாங்கிப் போட வேண்டும். போட்டது தவறிப் பலகையில் பட்டுத் திரும்பினால் துள்ளிப் பிடிக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் இடித்துக்கொண்டு நிற்பார்கள். வலு, நிதானம், கைநேர்த்தி மூன்றும் வேண்டும். அவரிடம் மூன்றும் இருந்தன.

1974-75 பருவத்தில் டெல்டா ஸ்டேட் ஆடிய ஆட்டங்கள் 28. வென்றதும் 28. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தேசியப் பட்டம் வென்ற அணி இம்மாகுலாட்டா. 1975 இறுதி ஆட்டத்தில் அந்த அணியை டெல்டா ஸ்டேட் 90-81 என்ற கணக்கில் வீழ்த்தியது. 1976-ல் மறுபடியும் அதே அணியை 69-64 என்று வென்றது. 1977-ல் லூசியானா ஸ்டேட் அணியை 68-55 என்று வென்றது. மூன்று ஆண்டுகள், மூன்று பட்டங்கள். இடையே தொடர்ச்சியாக 51 வெற்றிகள்!

நான்கு ஆண்டுகளில் லூசியா ஆடிய 115 ஆட்டங்களில் அவருடைய அணி தோற்றது ஆறே ஆறு. அவர் எடுத்த புள்ளிகள் 2,981. அதாவது சராசரியாக ஆட்டத்துக்கு 25.9. திரும்பி வந்த பந்தைப் பிடித்தது 1,662 முறை. தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி என்ற விதி அன்று கல்லூரி ஆட்டங்களில் கிடையாது என்பதும் குறிப்பிடத்தக்கது.

அந்த ஊரில் ஆண்கள் ஆட்டத்தைவிடப் பெண்கள் ஆட்டத்துக்கே கூட்டம் அதிகம் வந்தது. பெண்கள் ஆடினால் யார் வந்து பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு மிசிசிப்பியின் ஒரு சிறு ஊர் அன்றே பதில் சொல்லிவிட்டது.

மான்ட்ரியலில் முதல் கூடை

ஒலிம்பிக்கில் ஆண்கள் கூடைப்பந்து 1936-லேயே சேர்க்கப்பட்டுவிட்டது. பெண்கள் நாற்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1976-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில்தான் அவர்களுக்கு இடம் கிடைத்தது. ஜூலை 19-ந் தேதி முதல் ஆட்டம், ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும். ஒலிம்பிக் வரலாற்றில் பெண்கள் கூடைப்பந்தின் முதல் புள்ளிகளை எடுத்தவர் லூசியா ஹாரிஸ். எத்தனை ஒலிம்பிக் வந்தாலும் அந்த 'முதல்' அவரிடமிருந்து போகாது.

அந்த ஆட்டத்தில் அமெரிக்கா தோற்றுப்போனது என்பது வேறு விஷயம். ஏழடி உயர வீராங்கனை செமியோனோவாவை வைத்திருந்த சோவியத் அணியிடமும் தோற்றது. மற்ற மூன்று ஆட்டங்களை வென்று வெள்ளிப் பதக்கத்துடன் ஊர் திரும்பியது. அமெரிக்க அணியில் அதிகப் புள்ளி எடுத்தவர் லூசியாதான்.

அழைப்பும் மறுப்பும்

இப்போது 1977 ஜூனுக்கு வருவோம். கல்லூரிக் காலம் முடிந்துவிட்டது. லூசியாவுக்கு வயது 22. ஓர் ஆட்டக்காரரின் உடம்பு உச்சத்தில் இருக்கும் வயது. இதே சாதனைகளை ஓர் ஆண் செய்திருந்தால் அணிகள் போட்டி போட்டுக்கொண்டு ஒப்பந்தத்தை நீட்டியிருக்கும். பெண்களுக்கோ அமெரிக்காவில் அன்று ஒரு தொழில்முறைப் போட்டிகூட இல்லை. அத்தனை பெரிய நாட்டில், அத்தனை பெரிய ஆட்டக்காரருக்கு, சம்பளம் வாங்கிக்கொண்டு ஆட ஓர் இடம் இல்லை!

அந்த நிலையில்தான் ஆண்கள் அணி ஒன்று அவர் பெயரைச் சொன்னது. அது விளம்பரத்துக்காகச் செய்தது என்று அன்றே பலர் பேசினார்கள். லூசியாவுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. பெண்களோடு ஆடினால் தன்னை வெல்ல ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அதற்காக 7 அடி ஆண்களோடு மோத வேண்டும் என்ற ஆசை அவருக்கு இல்லை. மேலும் அந்த ஆண்டுதான், பள்ளிக் காலத்திலிருந்தே தெரிந்தவரை அவர் மணந்திருந்தார். அப்போது அவர் தாய்மை அடைந்திருந்தார். வரவில்லை என்று சொல்லிவிட்டார். அதற்காகத் தான் வருந்தியதே இல்லை என்று கடைசிவரை சொல்லிவந்தார்.

அவர் மறுத்ததில் வியப்பில்லை. ஆண்கள் அணியில் ஒரு வேடிக்கைப் பொருளாகப் போவது, அல்லது ஆட்டத்தை விட்டுவிடுவது. இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வழி அவருக்கு இல்லை என்பதுதான் வியப்பு.

ஒரே ஒரு பருவம்

கல்லூரியிலேயே மாணவர் சேர்க்கைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார் லூசியா. துணைப் பயிற்சியாளராகவும் இருந்தார். இதற்கிடையே 1978 டிசம்பரில் பெண்களுக்கென்று முதல் தொழில்முறைப் போட்டி எட்டு அணிகளுடன் தொடங்கியது. 1979-80 பருவத்தில் ஹூஸ்டன் ஏஞ்சல்ஸ் என்ற அணிக்காக லூசியா ஆடினார். பிள்ளை பெற்று, பயிற்சி விட்டுப்போன பிறகு, பழைய வேகத்துக்குத் திரும்புவது எளிதா? ஒரே ஒரு பருவம். அத்தோடு சரி. தொழில்முறை வீராங்கனை என்ற முறையில் லூசியா ஹாரிசின் வாழ்க்கை முழுவதும் அவ்வளவுதான்.

அந்தப் போட்டியும் நிலைக்கவில்லை. பல அணிகளில் சம்பளம் சரியாக வந்து சேரவில்லை. மூன்று பருவங்களுடன் 1981-ல் அது மூடப்பட்டுவிட்டது.

இந்த ஆண்டுகளில் அவருக்கு மனநோயும் வந்தது. கட்டுக்கடங்காத உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் நோய் அது. மருத்துவம் செய்துகொண்டார். பிற்காலத்தில் ஒளிக்காமல் அதைப் பற்றிப் பேசினார். கைதட்டல் ஓய்ந்த பிறகு ஓர் ஆட்டக்காரர் என்ன ஆகிறார் என்று விளையாட்டுப் பக்கங்கள் அதிகம் எழுதுவதில்லை. லூசியா விஷயத்தில் அதையும் எழுத வேண்டியிருக்கிறது.

அவர் உடைந்துபோய்விடவில்லை. மேல்படிப்புப் படித்தார். டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இரண்டு ஆண்டுகள் இருந்தார். பிறகு சொந்த மாநிலத்துக்கே திரும்பி, பள்ளியில் ஆசிரியை ஆனார். தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். இரண்டு மகன்கள், இரட்டைப் பெண்கள் என்று நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார்.

1992-ல் கூடைப்பந்தின் மிகப் பெரிய கௌரவமான நெய்ஸ்மித் புகழ் மன்றத்தில் அவர் சேர்க்கப்பட்டார். வீராங்கனை என்ற முறையில் அந்த மன்றத்தில் இடம்பெற்ற முதல் பெண்கள் இருவர். ஒருவர் நேரா வைட், மற்றவர் லூசியா. கறுப்பினப் பெண்களில் இவரே முதல்வர். அந்த மேடையில் அவரை அறிமுகம் செய்துவைத்தவர் யார் தெரியுமா? போர்வைக்குள்ளிருந்து அவர் பார்த்து ரசித்த அதே ஆஸ்கார் ராபர்ட்சன்!

டபிள்யூ.என்.பி.ஏ. என்ற பெண்கள் தொழில்முறைப் போட்டியின் முதல் ஆட்டம் 1997 ஜூன் 21-ந் தேதி நடந்தது. இன்றளவும் அது நிலைத்து நிற்கிறது. அன்று லூசியாவுக்கு வயது 42. இருபது ஆண்டு தாமதம்!

நம் நாட்டில் எப்படி?

இதைப் படிக்கும்போது நம் வீராங்கனைகளின் நினைவு வராமல் போகாது. மும்பையில் மாட்டுங்கா, நாக்பாடா பக்கம் மாலை நேரத்தில் போகிறவர்களுக்குக் கூடைப்பந்து புதிதல்ல. ஆனால் பெண்களுக்கென்று வேரூன்றி நிற்கும் தொழில்முறைப் போட்டி நம் நாட்டில் இன்னும் அமையவில்லை. அப்படியானால் நம் பெண்கள் எப்படிப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆடுகிறார்கள்?

அதற்கு விடை மைதானத்தில் இல்லை, அலுவலகத்தில் இருக்கிறது. ரயில்வேயில் எழுத்தராக வேலை பார்ப்பவன் என்பதால் இதை அருகிலிருந்து பார்க்கிறேன். ரயில்வே, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆட்டக்காரர்களுக்கு வேலை தருகிறது. மாதம் பிறந்தால் சம்பளம். நோய் வந்தால் ரயில்வே மருத்துவமனை. குடும்பத்துக்குப் பாஸ். முகாமுக்கும் போட்டிக்கும் போக அனுமதி. ஆட்டம் நின்ற பிறகும் வேலை நிற்காது. பெண்கள் கூடைப்பந்தில் ரயில்வே அணி பல ஆண்டுகளாக நாட்டில் முன்னணியில் நிற்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

சென்னை வீராங்கனை அனிதா பால்துரை தென்னக ரயில்வேயைச் சேர்ந்தவர். பத்தொன்பது வயதில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். தாயான பிறகும் மைதானத்துக்குத் திரும்பினார். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கேரளத்தின் கோட்டயம் பக்கத்திலிருந்து வந்த கீது அன்னா ஜோசும் தென்னக ரயில்வேயில் வேலை பெற்று ஆடியவர்தான். ஆறடிக்கு மேல் உயரம். ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடிவிட்டு வந்தார். 2011-ல் அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் மூன்று அவரைத் தேர்வு ஆட்டத்துக்கு அழைத்தன. இடம் கிடைக்கவில்லை, ஆனாலும் அந்த வாசல் வரை போன முதல் இந்தியப் பெண் அவர். 2014-ல் அர்ஜுனா விருது பெற்றார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். லூசியாவை அமெரிக்கா பாராட்டத் தவறவில்லை. பதக்கம் இருந்தது, கூட்டம் இருந்தது, செய்தி வந்தது. மறுமாதச் சம்பளம்தான் இல்லை. நம் பெண்களுக்குக் கூட்டமும் குறைவு, செய்தியும் குறைவு. ஆனால் மாதச் சம்பளம் இருக்கிறது. அதனால் அவர்களுடைய ஆட்டம் முப்பது வயதைத் தாண்டியும் நீடிக்கிறது.

இதுவே போதும் என்று சொல்ல வரவில்லை. வேலை கிடைப்பது சிலருக்குத்தான். ஒதுக்கீட்டு இடங்கள் எண்ணி வைத்தாற்போல் இருக்கும். ஆண்டு முழுவதும் நல்ல ஆட்டம் ஆடக் களம் இல்லாவிட்டால், எவ்வளவு திறமை இருந்தாலும் உலகத் தரத்தை எட்டுவது கடினம். வேலையும் வேண்டும், களமும் வேண்டும். அமெரிக்காவில் களம் வர 1997 ஆயிற்று. நம்மிடம் வேலை முன்பே வந்துவிட்டது. களம்தான் வர வேண்டும்.

காலம் கடந்து வந்த புகழ்

2021-ல் பென் பிரவுட்ஃபுட் என்ற இயக்குநர் லூசியாவைப் பற்றி 22 நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்தார். 'தி குவீன் ஆஃப் பாஸ்கட்பால்' என்பது அதன் பெயர். கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, சிரித்துச் சிரித்துத் தன் கதையைத் தானே சொல்கிறார் அந்த அம்மையார். அமெரிக்காவிலேயே பலருக்கு அப்போதுதான் அவருடைய பெயர் தெரியவந்தது. ஷகீல் ஓ'நீல், ஸ்டீபன் கறி போன்ற என்.பி.ஏ. நட்சத்திரங்கள் அந்தப் படத்துக்குத் துணை நின்றார்கள்.

2022 ஜனவரி 18-ந் தேதி, தம் 66-வது வயதில், மிசிசிப்பி மண்ணிலேயே லூசியா காலமானார். அதே ஆண்டு மார்ச் 27-ந் தேதி அந்தப் படத்துக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. பத்து வாரம் முந்தியிருந்தால் அவரும் பார்த்திருப்பார்.

இன்று அமெரிக்காவில் உயரமாக வளரும் ஒரு சிறுமியைப் பார்த்து, "ஆடி என்ன ஆகப் போகிறது?" என்று யாரும் கேட்பதில்லை. படிப்புக்கு உதவித்தொகை இருக்கிறது. படித்து முடித்ததும் போய்ச் சேர அணிகள் இருக்கின்றன. லூசியா ஆடிய நாளில் இந்த இரண்டும் இல்லை. இல்லாத காலத்திலேயே அவர் 2,981 புள்ளிகள் எடுத்துக் காட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போய்விட்டார். நம் வீட்டுப் பெண் பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் புறப்பட்டால், "எதற்கு?" என்று கேட்பதற்கு முன் இந்தக் கதையை நினைத்துக்கொள்வது நல்லது.